ஏழாவது பொருள்

லெஸ்டர் பின்ச்பெக் ஒரு முறை தன் மேலேயே புகார் எழுதிக்கொடுத்த மனிதர். அவர் வீட்டு வேலி நடைபாதை மேல் நாலு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது. ஊர் மன்ற உறுப்பினர் என்ற முறையில் அதைத் தானே கண்டுபிடித்து, மன்ற எழுத்தருக்குக் கடிதம் போட்டு, அவர் அனுப்பிய எச்சரிக்கையைத் தபாலில் வாங்கி, உட்கார்ந்து படித்து, அதற்குப் பிறகுதான் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். எச்சரிக்கையின் நகலை ஊர் அறிவிப்புப் பலகையில் குத்தியது அவர் மனைவி மேவிஸ். குத்தும்போது சிரித்த சிரிப்பில் இரண்டு குண்டூசி புல்லுக்குள் விழுந்து தொலைந்தது.

பலகையின் சாவி இருபத்திரண்டு வருஷம் மேவிஸிடம்தான் இருந்தது. ஸ்கார்த்விக்கில் குளத்துக்கும் பஸ் நிற்கும் இடத்துக்கும் நடுவில் நிற்கிற கண்ணாடிப் பெட்டி அது. கூட்ட அறிவிப்பு, காணாமல் போன ஆமை, நடமாடும் நூலகம் வரும் நாள், நாய் அசிங்கத்தை அள்ளாதவர்களுக்குக் கண்டனம், எல்லாம் அவள் கை பட்டுத்தான் உள்ளே போகும். போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்தது. பேச்சு மொத்தமும் போய், என்ன கணக்கோ தெரியவில்லை, ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது. வியாழன். தேநீர் வேண்டுமென்றாலும் வியாழன், ஜன்னலைச் சாத்து என்றாலும் வியாழன், வலித்தாலும் வியாழன். பதினோரு மைல் தள்ளி ரேவன்பரோவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தாள்.

சாவி இப்போது லெஸ்டரிடம் இருந்தது. கார் ஓட்டும் உரிமம் இல்லை. கண் மங்க ஆரம்பித்ததும் அவரே எழுதிப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஊருக்கு வாரத்தில் ஒரே ஒரு பஸ். அது வியாழக்கிழமை வரும். காலை பத்து நாற்பதுக்கு அதில் ஏறி, மூன்று மணி நேரம் மேவிஸ் பக்கத்தில் இருந்துவிட்டு, மூன்று பத்துக்குத் திரும்புவார். போகும்போது மன்றத்தின் கூட்டக் குறிப்பையும் புது அறிவிப்புகளையும் எடுத்துப்போய் அவளுக்கு அட்சரம் பிசகாமல் படித்துக் காட்டுவார். வேறு என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியாது. அவளுக்கும் அதுதான் பிடித்தது. நாய் அசிங்கம் வந்தால் நல்ல பக்கத்து வாயால் சிரிப்பாள். அந்தப் பாதிச் சிரிப்புக்காகத்தான் அவர் மிச்சம் ஆறு நாளை ஓட்டினார் என்று சொன்னால் அது மிகையில்லை.

அந்த பஸ்ஸுக்குத்தான் கேடு வந்தது.

குளக்கரையில் பஸ் திரும்புகிற சரளைத் திடல் ஊர் மன்றத்துக்குச் சொந்தம். குண்டும் குழியுமாகக் கிடந்தது. மாவட்ட நிர்வாகம் கடிதம் எழுதியது: இந்த இடத்தைப் பராமரிக்கும் பொறுப்பை ஊர் மன்றம் ஏற்பதாகத் தீர்மானம் போட்டு, மார்ச் கடைசி வெள்ளி நண்பகலுக்குள் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் ஏப்ரலிலிருந்து பஸ் ஊருக்குள் வராது, நெடுஞ்சாலையோடு போய்விடும். நெடுஞ்சாலை மூன்று மைல். பிப்ரவரிக் கூட்டத்திலேயே முடிந்திருக்க வேண்டிய காரியம். பிப்ரவரியில் பாதி மன்றம் காய்ச்சலில் படுத்துவிட்டது. ஆகவே மார்ச் இருபத்தெட்டு, செவ்வாய் மாலை, கூட்டப் பட்டியலில் ஏழாவது பொருளாக அது வந்தது.

இதில் யாருக்கும் எதிர்ப்பு கிடையாது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சரளை கொட்ட விவசாயி டன்கன் தன் டிராக்டரைத் தருகிறேன் என்று முன்பே சொல்லிவிட்டான். கையைத் தூக்கினால் முடிந்தது.

மன்றத்தில் ஏழு நாற்காலி. ஒன்று காலி. ஒருவருக்கு இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை, ஒருவர் மகளோடு ஸ்பெயினில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். மிச்சம் நாலு பேர்: தலைவர் கிளைவ், டன்கன், தபால் நிலையம் வைத்திருந்த பாமெலா, லெஸ்டர். மூன்று பேராவது இருந்தால்தான் தீர்மானம் செல்லும். பொதுமக்களுக்குப் போட்டிருந்த பத்து நாற்காலியில் ஒரே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஷீனா ப்ராக்கில்ஸ்பி. அவளைப் பார்த்ததும் லெஸ்டர் தன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

அந்தக் காலி நாற்காலி ஷீனாவுடையது. லெஸ்டருக்குப் பக்கத்து வீடு. மேவிஸ் படுத்ததிலிருந்து ஞாயிறு தவறாமல் அவரைக் காரில் ரேவன்பரோவுக்கு அழைத்துப்போனவள் அவள்தான். போன அக்டோபரில் பாலர் பள்ளிக்கு ஊர் மைதானத்தைக் காலை வேளையில் விடலாமா என்று ஒரு விஷயம் வந்தது. ஷீனாவின் பேத்தி அந்தப் பள்ளியில் இருந்தாள். லெஸ்டர் எழுந்து, "தலைவர் அவர்களே, உறுப்பினர் ஷீனாவுக்கு இதுல சொந்த நலன் இருக்கு. விதி பதினாலுப்படி அவங்க வெளிய போகணும்," என்றார். விதி பதினாலை எழுதியதே லெஸ்டர்தான். ஷீனா சமையலறைக்குப் போய், தேநீர் கொதிகலனுக்குப் பக்கத்தில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் ராஜினாமா. ஞாயிறு காரும் அதோடு நின்றது. அவள் இடம் காலியான அறிவிப்பை லெஸ்டரே பலகையில் குத்தினார், குண்டூசி நாலு மூலைக்கும் ஒன்று.

ஆறாவது பொருள் கல்லறைத் தோட்டத்து வாளி. அது இருபது நிமிஷம் ஓடியது. கடைசியில் கிளைவ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ஏழு. பஸ் திரும்புற இடம். இதுல பேச ஒண்ணும் இல்ல, கையத் தூக்கிட்டு வீட்டுக்குப் போவோம்," என்றார்.

லெஸ்டர் எழுந்தார்.

"தலைவர் அவர்களே, எனக்கு இதுல சொந்த நலன் இருக்கு."

"என்ன நலன்?"

"நான் அந்த பஸ்ல போறேன்."

எழுத்தர் பெர்னிஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "லெஸ்டர், பஸ்ல யார் வேணாலும் போலாம். அது சொந்த நலன்ல வராது. பஸ் உங்களுதா என்ன?"

"போன வருஷம் முழுக்க இந்த ஊர்ல அதுல ஏறினது பெரும்பாலும் நான் ஒருத்தன்தான். எனக்கு இதுல லாபம் இருக்கு. மைதானத்துல ஷீனாவோட பேத்திக்கு இருந்ததைவிட அதிகம்." அவர் ஷீனா பக்கம் பார்க்கவில்லை. "அடுத்தவங்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

"ஏம்ப்பா, மனுஷன் உசிரை எடுக்கிற," என்றான் டன்கன். "உக்காருப்பா. ஆட்டுக்கொட்டில்ல எனக்கு நூறு வேலை கெடக்கு."

லெஸ்டர் மனதுக்குள் ஏற்கனவே எண்ணிப் பார்த்துவிட்டார். தான் போனால் மூன்று பேர். மூன்று போதும். விதியும் பிழைக்கும், பஸ்ஸும் பிழைக்கும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்தான். ஆனால் அன்றைக்கு அவர் நோக்கம் சுத்தமாகத்தான் இருந்தது. ஷீனாவிடம் மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது. அவர் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கொதிகலன் முனகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அதே மர முக்காலி. உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, ஒரு கால் குட்டை, ஆடியது. நாற்பது நிமிஷம் அவள் இதிலா இருந்தாள் என்று நினைத்தார்.

ஜன்னல் வழியாக முற்றம் தெரிந்தது. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. டன்கன் கோட்டை ஒரு கையில் மாட்டியபடி, காதில் போனோடு ஓடி வந்து தன் ஜீப்பில் ஏறுவதை லெஸ்டர் பார்த்தார். "ரெண்டு காலும் பின்னாடியா வருது? இழுக்காத, இழுக்காத, நான் வந்துட்டேன்!" என்று அவன் கத்துவது கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. ஜீப் கிளம்பிப் போய்விட்டது.

லெஸ்டர் எழுந்து நின்றார். உள்ளே இப்போது இரண்டு பேர்.

கதவு திறந்தது. பெர்னிஸ், முகம் சிவந்து போய்.

"கையத் தூக்குறதுக்குள்ள போயிட்டான். அவன் ஆடு குட்டி போட இந்த நேரம்தான் பாத்துச்சு. வாங்க, உள்ள வந்து, 'நான் சொன்னதை வாபஸ் வாங்குறேன்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கிளைவ் ஒத்துக்கிட்டார். பாமெலா ஒத்துக்கிட்டா. அது சொந்த நலனே இல்லன்னு நான் குறிப்புல எழுதுறேன், அதுதான் உண்மையும்கூட."

"இன்னொரு கூட்டம் போடலாமே?"

"இன்னிக்குச் செவ்வாய். அறிவிப்புக்கு நடுவுல முழுசா மூணு நாள் விடணும். புதன், வியாழன், வெள்ளி. வெள்ளி மத்தியானத்தோட கெடு முடியுது. இதெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லணுமா லெஸ்டர்?"

பெர்னிஸின் தோளுக்கு மேலாக அவருக்குக் கூடம் தெரிந்தது. கிளைவ் கடிகாரத்தைப் பார்த்தார். பாமெலா பையை மூடிவிட்டாள். அவர்களுக்குப் பின்னால் ஷீனா நேராக உட்கார்ந்து, இமைக்காமல் இந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டு அடி. அந்த எட்டு அடியைக் கடந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். இங்கே தாழியைக் கையில் வைத்துக்கொண்டே மனிதர் நின்றார். ஷீனா அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு இந்த வாசலைக் கடந்தது அவர் கண்ணில் வந்தது. அவளை வெளியே அனுப்பிய வாயாலேயே, தனக்கு வேண்டியதென்றால் உள்ளே வருகிறேன் என்று, அவள் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது? விதி என்று ஒன்று இருந்தால் அது இந்த மாதிரி நேரத்துக்குத்தானே இருக்கிறது? இதெல்லாம் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. உண்மையில் அவருக்குக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான். எழுபத்தொன்பது வயசு மனிதருக்கு ஒரு பெண்பிள்ளை முன்னால் கூச்சம்.

"விதி விதிதான், பெர்னிஸ்," என்றார்.

"மேவிஸ் இங்க இருந்திருந்தா காதைப் புடிச்சு இழுத்துட்டு வந்திருப்பா," என்று சொல்லிவிட்டு பெர்னிஸ் திரும்பிப் போனாள்.

ஆள் போதாததால் மிச்சப் பொருள்களை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டுக் கூட்டம் முடிந்தது. லெஸ்டர் வெளியே வந்தபோது ஷீனா வாசற்படியில் கையுறையை மாட்டிக்கொண்டு நின்றாள். அக்டோபருக்குப் பிறகு இருவரும் பேசவில்லை.

"நீங்க உள்ள வருவீங்கன்னு நெனச்சேன்," என்றாள்.

"நீங்க உக்காந்திருந்தீங்க."

"ஆமா, உக்காந்திருந்தேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன். மனசுக்குள்ள 'வா மனுஷா, வா மனுஷா'ன்னு அடிச்சுக்கிட்டு இருந்தேன்." அவள் இன்னொரு கையுறையையும் மாட்டினாள். "எதுக்கு வந்தேன்னு நெனச்சீங்க? உங்க மூஞ்சியப் பாக்கவா? பஸ்ஸுக்காக வந்தேன். காரை ஜனவரியிலயே வித்தாச்சு. எனக்கும் தலைசுத்தல், ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். உங்களோட பஸ்ல ஏற மனசு வராம இத்தனை நாள் வீட்லயே கெடந்தேன். பக்கத்து வீட்ல கார் நிக்குதா இல்லையான்னுகூடவா பாக்க மாட்டீங்க?"

லெஸ்டர் பார்த்திருக்கவில்லை. பார்க்கக் கூடாதென்றே அந்தப் பக்கத்துத் திரையை ஐந்து மாதமாக மூடி வைத்திருந்தார்.

"ஷீனா..." என்று ஆரம்பித்தார். அவள் போய்க்கொண்டிருந்தாள். ஒரே தெரு, ஒரே திசை. இருபது அடி விட்டு அவரும் பின்னால் நடந்தார்.

புதன்கிழமை பெர்னிஸ் மாவட்ட நிர்வாகத்துக்குத் தொலைபேசி செய்து கெஞ்சினாள். பதினோரு ஊருக்கும் ஒரே தேதி, யாருக்கும் விலக்கு கிடையாது என்று ஒரு பையன் மரியாதையாகவே சொன்னான். டாக்சி ரேவன்பரோவிலிருந்து வந்து, போய், திரும்பவும் வந்து போக வேண்டும். லெஸ்டரின் ஓய்வூதியத்துக்கு அது ஆகிற காரியமில்லை. சரி, நெடுஞ்சாலைக்கே நடந்து பார்ப்போம் என்று அன்று மத்தியானம் தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பாதைக்கு ஓரம் கிடையாது, இரண்டு பக்கமும் வாய்க்கால். முதல் திருப்பத்திலேயே உருளைக்கிழங்கு லாரி ஒன்று வந்தது. அதன் நிறம் அவருக்குத் தெரிந்தது, தூரம் தெரியவில்லை. முழங்கால் வரை தண்ணீரில் நின்றுகொண்டு அது போவதைப் பார்த்தார். சொட்டச் சொட்ட வீடு திரும்பி, சாக்ஸைப் பிழிந்து அடுப்பு மேல் போட்டுவிட்டு, சமையலறையில் உட்கார்ந்து அழுதார். சத்தமாகவே அழுதார். கேட்கத்தான் யாருமில்லை.

பெர்னிஸ் வேலையில் புலி. சாயங்காலமே கூட்டக் குறிப்பில் இரண்டு நகலை அவர் வீட்டுக் கதவுத் துவாரத்தில் போட்டுவிட்டுப் போனாள். வியாழன் காலை பத்தரைக்கு லெஸ்டர் பலகையைத் திறந்து ஒன்றை உள்ளே குத்தினார். *ஏழு. பஸ் திரும்புமிடம். உறுப்பினர் பின்ச்பெக் சொந்த நலன் இருப்பதாக அறிவித்து அறையை விட்டு வெளியேறினார். உறுப்பினர் வ்ரே அவசரமாகக் கூட்டத்திலிருந்து சென்றார். போதிய எண்ணிக்கை இல்லாததால் இப்பொருள் விவாதிக்கப்படவில்லை.* ஒரு தப்பில்லை. வ்ரே என்பது டன்கன். பக்கத்திலேயே, பஸ் இனி ஊருக்குள் வராது என்கிற கம்பெனியின் மஞ்சள் அறிவிப்பையும் குத்த வேண்டியிருந்தது. ஒரு குண்டூசி நழுவிப் புல்லில் விழுந்தது. அவர் குனிந்து தேடவில்லை.

பஸ் வந்தது. குழியில் ஏறி இறங்கி வட்டமடித்து நின்றது. "கடைசி ஆட்டம், தாத்தா," என்றார் ஓட்டுநர். வேடிக்கையாகத்தான் சொன்னார். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, பயணச்சீட்டு அட்டையைக்கூடக் கேட்காமல் உள்ளே போகச் சொன்னார்.

மேவிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்தே அங்கேதான் இருக்கிறாள் என்றாள் கவனித்துக்கொள்ளும் பெண் ஓல்வென். வியாழக்கிழமை மட்டும் அவளைப் படுக்கையில் வைக்க முடியாதாம், நாள் எப்படித்தான் தெரிகிறதோ என்றாள்.

"வியாழன்!" என்றாள் மேவிஸ், அவரைப் பார்த்ததும்.

"வியாழன்தான், மேவி."

கோட்டைக் கழற்றி மாட்டினார். அவளுக்குத் தேநீர் ஊட்டினார். தாடையைத் துடைத்தார். அதற்குப் பிறகு கண்ணாடியையும் உருப்பெருக்கியையும் எடுத்து வைத்துக்கொண்டு, கூட்டக் குறிப்பைப் படிக்க ஆரம்பித்தார். வந்தவர்கள், வராதவர்கள், போன கூட்டத்துக் குறிப்பு. மேவிஸ் வழக்கம்போல இடது கையைப் போர்வை மேல் வைத்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டு வந்தாள்; ஐந்து ஆனதும் விரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். கல்லறைத் தோட்டத்து வாளிக்கு அவள் கண்ணை உருட்டினாள். அந்த வாளி சண்டை அவள் காலத்திலேயே இருந்ததுதான்.

"எட்டு," என்று படித்தார் லெஸ்டர். "கடித விவரம்."

போர்வை மேல் கை நின்றது. மேவிஸ் அவரைப் பார்த்தாள். மடக்கிய விரல்களைப் பிரித்து, ஐந்து விரலையும் காட்டினாள். பிறகு இரண்டு விரல்.

"வியாழன்," என்றாள். கண்டிப்பாகச் சொன்னாள். இருபத்திரண்டு வருஷம் அந்தப் பலகையில் ஒரு தாள் குறைய விடாதவள்.

லெஸ்டர் தாளைப் பார்த்தார். எழுத்து அவர் கண்ணுக்குள் கலைந்து கலைந்து கூடியது. தன் வேலியைத் தானே புகார் செய்தவர், கண் மங்கியதைத் தானே எழுதிப் போட்டவர், அதுவரை எழுதியிருந்ததை மாற்றிப் படித்ததே இல்லை.

"விட்டுட்டேன். ஏழு," என்றார். "பஸ் திரும்புமிடம். முன்மொழிந்தவர் உறுப்பினர் வ்ரே. வழிமொழிந்தவர் உறுப்பினர் பின்ச்பெக். பராமரிக்கும் பொறுப்பை மன்றம் ஏற்கிறது. ஒருமனதாக நிறைவேறியது."

மேவிஸ் ஏழுக்கான விரலை மடக்கினாள். அவர் பெயர் வந்ததும் நல்ல பக்கத்து வாய் விரிந்தது. அவருடைய கையை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினாள், சின்னப் பையன் பள்ளியில் நன்றாகப் படித்துவிட்டு வந்த மாதிரி.

"வியாழன்," என்றாள்.

"ஆமா."

தள்ளிவைத்த எட்டையும் ஒன்பதையும் தலைப்பு மட்டும் படித்தார். பத்தாவதில் நாய் வந்தது. அவள் சிரித்தாள். அவரும் கூடவே சிரிக்க வேண்டியிருந்தது.

மூன்றுக்கு ஓல்வென் கோட்டை எடுத்து நீட்டினாள். மேவிஸுக்கு முத்தம் கொடுத்துவிட்டு அவர் வெளியே வந்தபோது கோட்டின் பொத்தான்களைத் துளை மாற்றிப் போட்டிருந்தார். ஓல்வென் வாசல் வரை கூட வந்தாள். தெருவில் பஸ் ஹார்ன் அடித்தது.

"அடுத்த வாரமும் காலையிலயே ஜன்னல் பக்கம் உக்கார வச்சிரட்டுமா?" என்று கேட்டாள். "இன்னிக்கு எம்புட்டு சந்தோஷமா இருக்காங்க பாருங்க."

லெஸ்டர் திரும்பிப் பார்த்தார். மேவிஸ் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையைத் தூக்கினாள்.

"வைங்க," என்றார்.